ஆஸ்டினுக்குப் புது ரப்பர்

ஜூன் 9, 1978. வெள்ளி

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. ஈரத்தில் காப்பிக்கொட்டை பதம் கெட்டுப்போகும் என்று மாமனார் காலையிலிருந்து கடைக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். கொல்லை ஷெட்டில் நிற்கும் ஆஸ்டின் காருக்குள் மறுபடியும் தண்ணீர். ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர், மேற்கேயிருந்து சாரல் நேராக அடிக்கும். பின்சீட்டை அழுத்தினால் தண்ணீர் பிழிகிறது. மெத்தைத் தையலில் ஏதோ காளான் மாதிரி முளைத்திருந்ததை மூத்த மருமகளான மன்னி விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி எடுத்துக் காட்டினாள்.

கண்ணாடிகளைச் சுற்றியிருக்கிற ரப்பர்தான் காரணம். முப்பது வருஷத்து ரப்பர், உப்பு நார்த்தங்காய் மாதிரி கறுத்துச் சுருங்கி, தொட்ட இடத்தில் உதிர்கிறது.

ஆவணியில் மன்னியின் பெண் கமலாவுக்குக் கல்யாணம். ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை இந்த வண்டியில்தான் வர வேண்டும் என்பது மாமனாரின் தீர்மானம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இதில்தான் வந்தார்கள். சாப்பிடும்போது என் அகத்துக்காரரைப் பார்த்து, "வாஞ்சி, அந்த ரப்பரை மாத்திடு" என்றார். இவர் இலையைப் பார்த்தபடியே சரி என்று தலையசைத்தார்.

அவர் என்ன சொன்னாலும் இவருக்குச் சரி.

ஜூன் 13

மழை. இன்று நான் பேசியவை: பால் வந்துதா, உப்பு போட்டாச்சா, வரேன் மன்னி. அவ்வளவுதான். நாள் முடிந்துவிட்டது.

ஜூன் 21. புதன்

காப்பிக்கொட்டை மொத்த வியாபாரி கொடுத்த டைரி இது. கடைக்கு நாலு வந்தது, ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். கோணிமூட்டைகள் அடுக்கிய உக்கிராணத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் நான் தனியாக உட்காரக்கூடிய இடம் இதுதான், அதுவும் மன்னி அரிசி எடுக்க வரும்வரை.

கொச்சியில், இந்த மட்டாஞ்சேரியில் எல்லா வீடும் இப்படித்தானா, தெரியவில்லை. முன்னால் கடை, நடுவில் கூடம், பின்னால் அடுக்களை, மேலே மச்சு. மச்சில் எங்கள் அறைக்கும் மாமனார் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அவர் புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். அப்படியானால் எங்கள் பக்கம்? கல்யாணமான புதிதில் ஒருநாள் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்தோம். மறுநாள் காலையில் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "என்னடா வாஞ்சி, நேத்திக்கு ஒரே சிரிப்பா இருந்துது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வெறுமனே கேட்டார். இவருக்குக் காது சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு அறையில் நாங்கள் பேசுவதில்லை. ஆறு வருஷம்.

முதலில் கூச்சம் என்று நினைத்தேன். பிறகு பழக்கமாயிற்று. இப்போது பேச இவருக்கு ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம்.

போன வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலியாக இருப்பதாகக் கோவிலில் ஒருத்தி சொன்னாள். நான் பி.ஏ. படித்தவள். மாமனாரிடம் நானே கேட்டேன். "நம்மாத்துப் பொம்மனாட்டி சம்பாதிச்சு இங்கே ஒண்ணும் ஆக வேண்டியதில்லை" என்றார். இவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

மன்னி அப்போது சொன்னாள், படிச்ச பொண்ணு வேண்டாம்னு நான் அன்னிக்கே பறஞ்சேன் என்று. மீனாக்ஷி என்று அவளுக்கு யாரோ தப்பாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கண்ணில் கருணையை நான் பார்த்ததில்லை.

ஜூலை 8. சனி

சுள்ளிக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் பிச்சைமணிதான் வண்டி வேலை எல்லாம் பார்ப்பான். அவன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறானாம். வேறு ஆளைக் கூப்பிட மாமனாருக்கு மனசில்லை, முன்பின் தெரியாதவன் கண்ணாடியை உடைத்துவிடுவான் என்று பயம். பின்கண்ணாடி உடைந்தால் இப்போது எங்கே போனாலும் கிடைக்காதாம்.

ஆக, இவரே மாற்ற வேண்டும். எர்ணாகுளம் போய் ரப்பர் வாங்கி வந்தார். பாம்பு மாதிரி சுருள் சுருளாகக் கூடத்தில் கிடக்கிறது. புது ரப்பர் வாசனை காப்பி வாசனையையே அமுக்கிவிட்டது.

ஜூலை 16. ஞாயிறு

கடைக்கு விடுமுறை. இவர் பழைய ரப்பரைப் பிய்க்கிறார். தெரியாத வேலை. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புகிறார், அது துண்டு துண்டாக உடைந்து வருகிறது. அடியில் ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினார். விளிம்பெல்லாம் துரு. கை முழுக்கக் கீறல். சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அது மதி, போறும். வெச்சுட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23. ஞாயிறு

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

பின்கண்ணாடியை மாட்ட இரண்டு பேர் வேண்டும். அண்ணா (மன்னியின் அகத்துக்காரர்) பத்திரிகை கொடுக்கத் திருச்சூர் போயிருக்கிறார். மாமனாருக்குக் கண்ணில் புரை. இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, யாரிடம் என்று இல்லாமல், ஒரு கை வேணும் என்றார். மன்னி அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "போயேன். எனக்கென்ன" என்றாள்.

கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் உள்பக்கக் காடிப் பள்ளத்தில் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் புதைத்து வைத்திருந்தார். வலை பின்னுகிற கயிறு, கடற்கரைப் பக்கம் வாங்கியது. நான் வெளியே நின்று கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். இவர் உள்ளே இருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்பக்கம் ஏறி உட்காரும். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கும்.

முதல் தடவை மூலையில் எகிறிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடி அப்படியே என் மார்பில் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால்? இவர் முகம் வெளுத்துப்போயிற்று. கூடத்திலிருந்து, என்னடா சத்தம் என்று மாமனார் குரல். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இரண்டாம் தடவையும் அந்த மூலை நிற்கவில்லை. மூன்றாம் தடவை இவர் உள்ளேயிருந்து விரலால் காட்டுவார், இங்கே, இன்னும் மேலே என்று. நான் அங்கே அழுத்துவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் முகம், இந்தப் பக்கம் என் முகம், நடுவில் சோப்பு நுரை. சேர்ந்தாற்போல் இத்தனை நேரம் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கயிறு முழுக்க வந்து இவர் கையில் தொங்கியபோது கண்ணாடி அசையாமல் நின்றது.

இவர் சிரித்தார். நானும். சத்தம் வராமல்தான்.

ஜூலை 30. ஞாயிறு

முன்கண்ணாடி, நான்கு கதவுக் கண்ணாடிகள், கதவைச் சுற்றிலும் எல்லாம் முடிந்தது. தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னை உள்ளே உட்காரச் சொன்னார். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் 'தொப்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. மன்னியின் அம்மிச் சத்தம் இல்லை, கூடத்து ரேடியோ இல்லை, மாமனாரின் இருமல் இல்லை. கூரைமேல் குடம் குடமாக இவர் ஊற்றுகிற தண்ணீர் எங்கேயோ தூரத்தில் விழுகிற மாதிரி இருந்தது. கண்ணாடி வழியே இவர் ஏதோ கேட்கிறார், வாய் அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை. நான் சாதாரணக் குரலில், உள்ளே ஒரு சொட்டு வரல்லே என்றேன். இவருக்கும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து, "என்ன சொன்னே?" என்றார்.

"நான் பேசினது வெளியிலே கேக்கவே இல்லையா?" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கூடத்துப் பக்கம் பார்த்தார்.

ஆகஸ்ட் 2. புதன்

மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம். பின்கதவுப் பூட்டு சரியாக விழவில்லை, வந்து பிடி என்று கூப்பிட்டார். போனேன். பூட்டுக்கு ஒன்றும் இல்லை. இவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் காட்டினார். கண்ணாடிகளை ஏற்றினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியிலே நர்ஸ் எங்கிட்டே மாத்திரம் பறஞ்சா. பொண் கொழந்தையாக்கும். ஒனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாகத் தெரியாது. ஆறாம் மாசத்தில் போன அந்தக் குழந்தையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு சொல் பேசியதில்லை. அது நடக்காத மாதிரியே இருந்தார்கள். இவரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இவருக்கு அது ஒன்றுமில்லை, கடை, காப்பி, அவ்வளவுதான் என்று.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லையாம். படகுத் துறையில் போய் நின்றாராம். படகு வந்து வந்து போயிற்று, ஏறவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை என்றார். இதையெல்லாம் சுவரைப் பார்த்தே சொன்னார். நானும் சுவரைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கே வெச்சுச் சொல்ல?"

எங்கே வைத்துச் சொல்வார்?

அழுதேன். நன்றாக, வாய்விட்டு. யாருக்கும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

இன்னொன்றும் சொன்னார். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது! ஆலுவாவுக்குக் கடை ஆர்டர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறார். குவார்ட்டர்ஸ் உண்டு. ஒரு அறை, ஒரு கூடம், ஒரு அடுக்களை. அக்டோபர் முதல் வாரத்தில் சேர வேண்டும்.

"அப்பாகிட்டே பறஞ்சேளா?"

"கல்யாணம் கழியட்டும்."

கழியட்டும். இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இது பெரிசா? ஒரு அறை, ஒரு கூடம், ஒரு அடுக்களை. அரைத்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10. வியாழன்

தினமும் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். அதுதான் தப்பாகப்போயிற்று. இன்று மாமனார் கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே அவர் நிற்பதை நாங்கள் பார்க்கவே இல்லை. காது கேட்காத இடத்தில் உட்கார்ந்தால் இதுவும் உண்டு.

கம்பால் கதவைத் தட்டினார். "வண்டி ஜானவாசத்துக்காக்கும். ஒக்காந்து கதை பறைய இல்லை" என்றார். சாவிக்குக் கை நீட்டினார். முப்பத்தைந்து வயசுப் பிள்ளை சாவியை அவர் கையில் வைத்தார்.

அது இப்போது அவர் தலையணைக்கடியில்.

ஆகஸ்ட் 11

நான் ஏன் இங்கே இருக்கேன்? நெஜமாக் கேக்கறேன். மூச்சு விடறதுக்கு ஒரு எடம் கெடச்சுது, அதுவும் ஒரு பழைய கார். அதையும் பிடுங்கிண்டாச்சு. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இருமறார். இந்தப் பக்கம் இவர் சுவரைப் பாத்துண்டு படுத்திருக்கார். நடுவிலே நான்.

ஆகஸ்ட் 14. திங்கள்

ஆச்சரியம். மன்னி இன்று மாமனாரிடம் போய், வண்டி சீட்டெல்லாம் ஈர நாத்தம் அடிக்கறது, சம்பந்திக்காரா மூக்கைப் பொத்திப்பா, தினம் திறந்து காயவைக்கணும் என்று சாவியை வாங்கிவிட்டாள். சம்பந்தி என்றால் அவர் மறுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அடுக்களையில் வந்து, பருப்புக் களைந்துகொண்டிருந்த என் பக்கத்தில் சாவியை வைத்தாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் புளி கரைக்கப் போய்விட்டாள்.

என்ன நினைத்துக்கொள்வது?

ஆகஸ்ட் 26. சனி

வீடு நிறைய மனுஷர்கள். கொல்லையில் பந்தல், கூடத்தில் பட்சணம். மன்னி விடிவதற்கு முன் எழுந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறாள். முறுக்கு கறுத்துவிட்டது என்று என்னைப் பத்துப் பேர் முன்னால் திட்டினாள்.

மத்தியானம் அவளைக் காணவில்லை. கமலாவின் கூறைப்புடவை எங்கே என்று கேட்கத் தேடிப்போனேன். வண்டியில் இருந்தாள். பின்சீட்டில், கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு, தனியாக.

பேசிக்கொண்டிருந்தாள். யாரிடமும் இல்லை. வாய் வேகமாக அசைகிறது, கையால் சீட்டை அடிக்கிறாள், பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது வயசில் பெண்ணைக் கொடுக்க வேண்டாம், படிக்க வைக்கலாம் என்று மன்னி ஒருதரம் சொன்னாள் என்றும், மாமனார் ஒரே பார்வையில் அடக்கிவிட்டார் என்றும் கமலா எப்போதோ சொன்னது நினைவு வந்தது. நான் அப்போது அதை நம்பவில்லை. படித்த பெண் வேண்டாம் என்றவள்தானே இவள்?

நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். யாராவது ஷெட்டுப் பக்கம் வந்தால் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. பந்தல்காரனை ஒருதரம் திருப்பி அனுப்பினேன்.

மன்னி இறங்கி முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணும் கேக்கலியே?"

"இல்லை மன்னி."

"கூறைப்புடவை மேலே பெட்டியிலே இருக்கு. மலையா வேலை கெடக்கு, நீ இங்கே நின்னுண்டிருக்கே" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 31. வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. நேற்று ஜானவாசத்தின்போது பெருமழை. தெருவில் எல்லாரும் நனைந்தோம், மாப்பிள்ளை மட்டும் நனையவில்லை.

செப்டம்பர் 3

சொல்லவில்லை. இவர், விருந்தாளிகள் போகட்டும், அப்புறம் அப்பாவிடம் சொல்கிறேன் என்கிறார்.

செப்டம்பர் 6. புதன்

விருந்தாளிகள் போயாச்சு. இப்ப என்ன? அப்பாவுக்கு அசதியா இருக்காம். கமலாவைப் பாலக்காட்டிலே கொண்டுவிட்டுட்டு வரட்டுமாம். அப்பறம் நவராத்திரி வரும். அப்பறம் தீபாவளி. அப்பறம் அந்த வேலை வேற யாருக்கோ போயிடும், இவர் அதையும் கண்ணாடியை ஏத்திண்டு எங்கிட்டே வந்து சொல்லுவார், நான் அழுவேன்.

வண்டிக்குள்ளே பேசற புருஷன் எனக்கு மதியா, போறுமா? இல்லை. மதியில்லை.

என் பிறந்த வீடு பாலக்காட்டில் நூரணியில். கமலாவைக் கொண்டுவிடப் போகிற பையில் கூட நான்கு புடவை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 11. திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

கல்பாத்தியில் கமலாவை அவள் புக்ககத்தில் விட்டோம். மன்னியும் அண்ணாவும் இன்னும் இரண்டு நாள் அங்கேயே உறவுக்காரர் வீட்டில் தங்குகிறார்கள். திரும்ப வண்டியில் மாமனார், இவர், நான். புறப்படும் முன், கொல்லைக் கிணற்றடியில் கை கழுவ வந்த இவரிடம், நான் வரவில்லை என்றேன். நூரணிக்குப் போகிறேன், அண்ணன் இருக்கிறான், அங்கே ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொள்கிறேன் என்றேன்.

இவர் ஈரக் கையோடு நின்றார். நான் இவருக்காகப் பேச்சைத் தொடரவில்லை. வழக்கமாகத் தொடர்ந்துவிடுவேன்.

"வண்டியிலே ஏறு" என்றார். "சொல்றேன். ஏறு."

திருச்சூர் தாண்டியது. சொல்லவில்லை. சாலக்குடி தாண்டியது. மாமனார் முன்னால் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக் காப்பியில் சிக்கரி அதிகம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கமாலியில் இறங்கிப் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அங்கமாலி தாண்டியதும் மழை வந்தது. இவர் தம் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். கை நீட்டி மாமனார் பக்கத்தையும் ஏற்றினார். உள்ளே அமைதியாகிவிட்டது.

"அப்பா, எனக்குக் களமசேரியிலே ஜோலி ஆயிருக்கு. அடுத்த மாசம் சேரணும். நானும் ஜெயாவும் அங்கே போய் இருக்கப் போறோம்."

முழுக்கச் சொன்னார். போகட்டுமா என்று கேட்கவில்லை, போய் இருக்கப் போறோம் என்றார்.

வைப்பர் போய்ப் போய் வந்தது. மாமனார், "வண்டியை நிறுத்து" என்றார்.

நிறுத்தினார். கிழவர் கதவைத் திறந்து இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். எழுபத்திரண்டு வயசு, கண்ணில் புரை. மட்டாஞ்சேரிவரை நடப்பதாக உத்தேசமா? இவர் இறங்கி ஓடிக் கையைப் பிடித்தார். உதறிவிட்டார். இரண்டாம் தடவையும் உதறினார். இவர் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பி, அவருக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவருக்குப் பிடித்தபடி கூடவே நடந்தேன். அவர் குடைக்குள் வரவும் இல்லை, விலகவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "இது நீ சொல்லிக் கொடுத்ததாக்கும்" என்றார்.

ஆறு வருஷத்தில் அவரிடம் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. நேற்று சொன்னேன். "ஜோலி அவராத் தேடிண்டது அப்பா. சொல்லாட்டா நான் திரும்பி வரமாட்டேன்னு பறஞ்சது நான். ரெண்டும் நெஜம்."

நடந்தார். ஒரு பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. வேட்டியெல்லாம் சிவப்பு. நின்று வேட்டியைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவர் எவ்வளவு சின்ன மனிதர் என்று பார்த்தேன். வீட்டில் அப்படித் தெரியாது.

"அங்கே குடிக்க வெள்ளம் உண்டோ?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "குழாயிலே தண்ணி நாள் முழுக்க வருமாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"அவர்தான்."

"அவன் திறந்து பாத்தானோ?"

"தெரியாது அப்பா."

"பாக்காம எப்படிப் போறது?" என்றார். திரும்பினார். வண்டி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. இவர் கதவைத் திறந்துவிட்டார், அவர் ஏறி உட்கார்ந்தார். இடப்பள்ளி தாண்டும்போது மாமனார் கண்ணாடிக்குக் கீழே ரப்பரில் ஒரு விரலை வைத்து ஓட்டினார். விரலை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 13

மாமனார் இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காப்பிக்கொட்டை ரேட்டைக்கூட அண்ணாவிடம் சொல்லி அனுப்புகிறார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மன்னி வந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பரணிலிருந்து இரண்டு வெண்கலப் பானையும் ஒரு இருப்புச்சட்டியும் இறக்கி, புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் கவிழ்த்து வைத்தாள். மாமனார் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார்.

அக்டோபர் 2. திங்கள்

நாளை இவர் வேலையில் சேர்கிறார். இன்று வந்துவிட்டோம். வந்ததும் குழாயைத் திறந்து பார்த்தேன். பழுப்பாகக் கொஞ்ச நேரம் வந்து பிறகு தெளிந்தது.

கிளம்பும்போது நமஸ்காரம் பண்ணினோம். மாமனார் இவர் தலையில் கை வைக்கவில்லை. என்னிடம் அரைத்த காப்பிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "டப்பாவிலே போட்டு இறுக்கி மூடி வை" என்றார். மன்னி வாசல்வரை வரவில்லை. அடுக்களையில் பாத்திரம் பலமாக உருண்டது.

நவம்பர் 19

சண்டை. ஜன்னல் திரை எந்த நிறம் என்பதற்கு. இவர் கத்தினார், நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சேட்டன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. திரை பச்சை.

மார்ச் 7, 1979. புதன்

இவர் வேலைக்குப் போனபின் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். படியில் மன்னி.

கையில் ஒரு துணிப்பை. தனியாக. மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எர்ணாகுளம் வந்து, விசாரித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அவள் தனியாகப் படகேறி நான் கேள்விப்பட்டதே இல்லை. யாருக்கு என்ன உடம்பு என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"எல்லாரும் சுகம். மூணு நாள் இருக்கலாம்னு வந்தேன்."

"அங்கே சமையல் யாரு மன்னி?"

"அரிசி எங்கே இருக்குன்னு அவாளுக்குத் தெரியும்" என்றாள்.

என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு அறை, ஒரு கூடம், ஒரு அடுக்களை. பச்சைத் திரையைத் தொட்டுப் பார்த்து நிறம் நன்றாக இல்லை என்றாள். ஜூனில் இங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைக்கலாம் என்றதற்கு ம் என்றாள். ரசமும் அப்பளமும் போட்டேன். நான் பரிமாற, அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறை ரசம் கேட்டாள்.

சாப்பிட்டு, தலைக்குப் பையை வைத்துக்கொண்டு கூடத்தில் வெறுந்தரையில் படுத்தாள். பாய் போடுகிறேன் என்று எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டாள். பகலில் மன்னி படுத்து நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. புடவை முழங்காலுக்குமேல் ஏறியிருந்தது, இழுத்துவிட்டேன்.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அசையவில்லை. காப்பிக்கு அடுப்பு மூட்ட எழுந்த நான், திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும்.